பெயின்ட் காய்கிற நேரம்

தீயணைப்பு வண்டி பட்டறைக்குள் நுழைந்த அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை. சாதாரண வண்டியா அது? ஏணியும் குழாயுமாக ஒரு மாடி வீட்டையே சக்கரத்தில் ஏற்றி வந்தது போல இருந்தது. வாசல் கதவை உரசாமல் உள்ளே வருவதற்கே படாத பாடு பட்டது. ஓட்டி வந்தவர் இறங்கும் முன் சைரனை ஒரு தடவை அலறவிட்டார். காரணம் எதுவும் இல்லை, சும்மா ஒரு ஆசைக்கு. எதிர்க்கடைப் பூனை தகரக் கூரைக்குத் தாவியது. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தவர் சிம்னி. ஓடி வந்த வேகத்துக்கு மூச்சு வாங்கியது, இருமலும் வந்தது. இருமிக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். வெளிறிப்போய், அங்கங்கே துருவேறி, ஒரு பக்கம் முழுக்க ஒடுங்கிப்போயிருந்த அந்தத் தகரத்தைக் குதிரையைத் தடவுவது போலத் தடவினார்.

சிம்னி என்பது பட்டறை வைத்த பெயர். அவர் நின்ற இடத்துக்கு மேலே எப்போதும் சிகரெட் புகையாக ஒரு குட்டி மேகமும் நிற்கும், அதனால் வந்தது. வண்டிகளுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிப்பது அவர் தொழில். ரொட்டி வேன், ஆம்புலன்ஸ், பிணம் தூக்கும் வண்டி, புது மாப்பிள்ளையின் கார் என்று அவர் கை படாத வண்டி இல்லை. ஒரு குப்பை லாரிக்கு எலுமிச்சை மஞ்சள் அடித்து, அதைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்தது என்று இன்றும் சொல்லிக்கொள்வார். ஆனால் தீயணைப்பு வண்டி அவருக்கு வாய்க்கவே இல்லை. அந்தச் சிவப்பை அடிக்காமல் ஒரு பெயின்டர் ஓய்வு பெறுவதா என்பது அவர் கட்சி.

"மேடம், எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றார், வாயெல்லாம் பல்லாக.

பட்டறையின் முதலாளியம்மா அவரைவிட வயதில் சின்னவள். அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அந்த அண்ணேயிலேயே எத்தனை டிகிரி சூடு என்று கண்டுபிடித்துவிடலாம்.

"அண்ணே, கொஞ்சம் இப்படி வாங்க."

மூலையில் நின்ற வெள்ளை ரொட்டி வேனிடம் அழைத்துப் போனாள். போன வாரம் சிம்னி அடித்த வண்டி. ஏணியைச் சாய்த்து, "ஏறிப் பாருங்க" என்றாள். ஏறிப் பார்த்தார். கூரையின் நடுவில், வழவழவென்று போய்க்கொண்டிருந்த பெயின்ட், ஒரு இடத்தில் மட்டும் தடித்து, துள்ளி, அப்புறம் அடங்கியிருந்தது.

"அது என்னது?"

"எது மேடம்?"

"விளையாடாதீங்க. நீங்க இருமினது அது."

சிம்னி அசடு வழிந்தார். நீளமான தகரத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது இந்த முனையில் ஆரம்பித்தால் அந்த முனை வரை ஒரே நடையாக, ஒரே வேகத்தில் கை போக வேண்டும். நடுவில் உடம்பு குலுங்கினால் கை குலுங்கும், கை குலுங்கினால் அந்த இடத்தில் பெயின்ட் கூடுதலாக விழும். மறைக்க முடியாது.

"வெள்ளையில தெரியல, சரி. ரொட்டி வாங்க வர்றவன் கூரை மேல ஏறிப் பாக்கப் போறதில்ல. அது சிவப்பு, அண்ணே. அந்த நீளப் பக்கத்துல நடுவுல இருமினீங்கன்னு வைங்க, ஊர்ல எங்க தீப்பிடிச்சாலும் உங்க இருமலும் கூடவே போய் நிக்கும்." கொஞ்சம் குரல் இறக்கினாள். "டிங்கரிங் வேலை முடியட்டும். முதல்ல ஒரு கதவ மட்டும் தர்றேன். ஸ்டேஷன் ஆபீசர் வந்து பாப்பாரு. நல்லா இருந்தா வண்டி உங்களுது. இல்லன்னா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற பெயின்டரக் கூப்பிட வேண்டியதுதான். அவரு இருமறதில்ல."

பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெயின்டர் என்ற சொல் சிம்னியின் காதில் ஈயமாக இறங்கியது. சட்டைப் பையில் இருந்து சிகரெட் பெட்டியை எடுத்தார். எல்லோரும் பார்க்க, ஸ்பிரே கன்னைத் துலக்க வைத்திருந்த தின்னர் தட்டில் அதை முக்கி எடுத்துத் தரையில் அறைந்தார்.

"விட்டாச்சு!"

"ஐயோ மாமா!" என்று ஒரு அலறல். "அதுல பாதி என்னோடதாச்சே!"

அலறியது டிங்கர். ஒடுங்கிய தகரத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிறவன். சிம்னியின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. தொழிலில் அவன் தட்டுவான், இவர் பூசுவார். பின் சுவரோரம் இருவரும் சேர்ந்தே ஊதுவார்கள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிற வேலை அவளுக்கு. அந்தக் குரலை அவள் வீட்டுக்கும் கொண்டு வருவது உண்டு. கரண்டியை வாயருகே பிடித்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சிகரெட்டை விட்டுவிட்டதாகக் கூறும் வண்டி, வழக்கம்போல் தாமதமாக வந்து கொண்டிருக்கிறது."

"தீயணைப்பு வண்டி வந்திருக்கும்மா" என்றார் அவர்.

கரண்டி கீழே இறங்கியது. "சிவப்பா?"

"சிவப்பு."

அதற்கு மேல் அவள் கிண்டல் செய்யவில்லை. வீட்டில் இருந்த தீப்பெட்டிகளை எல்லாம் பொறுக்கி அடுப்பு மேடைக்கு மேலே, அவர் கை எட்டாத அலமாரியில் வைத்தாள். ஊதத் தோன்றினால் கடித்துக்கொள்ள, அவர் கையில் ஒரு பை நிறைய கேரட்டைக் கொடுத்தாள்.

மறுநாள் காலை சிம்னி ராஜா மாதிரி இருந்தார். இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று கேரட்டைக் கடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். "மாமா, காது நீளுது, பாத்துக்குங்க" என்றான் டிங்கர். மதியம் திரும்பியதும்தான் ஆட்டம் கலைந்தது. கை சும்மா இருக்க மறுத்தது. எமரி தாளைக் கையில் எடுத்து எதற்கு எடுத்தோம் என்று மறந்தார். யாரோ ஸ்பேனரைக் கீழே போட்டதற்கு வள்ளென்று விழுந்தார். அந்த நேரம் பார்த்துப் பின் சுவரோரத்தில் இருந்து நீலமாக ஒரு இழை மிதந்து வந்தது.

"சும்மா உன் பக்கத்துல நிக்கிறேன்" என்று போனார்.

"நில்லுங்க மாமா, நிக்கிறதுக்கு என்ன தடையா?"

நின்றார். வாசம் பிடித்தார். ஒரே ஒரு இழுப்பு என்றார். அப்புறம், ஒரு இழுப்பு இழுத்ததை முழுசாக இழுத்தால்தான் என்ன என்று தனக்குத் தானே ஒரு வக்கீல் வைத்து வாதாடி, ஜெயித்து, முழுசும் இழுத்தார்.

சாயங்காலம் கையைத் தின்னரில் கழுவி, சோப்புப் போட்டு, புதினா மிட்டாயை மென்று, சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

"புதினா. சோப்பு. தின்னர். இத்தனை வாசனைக்குப் பின்னாடி எதை ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணே ஒண்ணும்மா." அவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சு, எல்லாம் போச்சு. என்னால ஆகாது. அந்த ஆளையே கூப்பிடச் சொல்லிடறேன்."

"ஒரு பஸ்சு பஞ்சர் ஆனா டிப்போவையே இழுத்து மூடிடறோமா? ஸ்டெப்னிய மாட்டிட்டுக் கெளம்புங்க. கேரட் இன்னும் இருக்கு."

கிளம்பினார். டிங்கர் ஒரு பக்கம் டங்கு டங்கென்று வண்டியை நிமிர்த்திக்கொண்டிருந்தான். அவன் ஒவ்வொரு தட்டும் சிம்னிக்கு, வா வா உன் முறை வருகிறது என்று கேட்டது. ஆனால் விட்டதற்குப் பரிசாக இருமல் குறையும் என்று பார்த்தால், அது கூடித் தொலைத்தது. "நியாயமா இது? ஊதினப்பகூட இப்படி இருமலையே!" என்று கொதித்தார். மனைவி மருந்துக்கடையில் விசாரித்து வந்தாள். "நெஞ்சுக்கு உள்ள வீடு கூட்டுதாம். இத்தனை வருஷத்துக் குப்பை. தொடப்பம் போட்டா கொஞ்ச நாள் தூசி பறக்கத்தான் செய்யும்னு சொல்றாங்க."

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அவரைக் கவிழ்த்தது வேறு.

ஒரு சின்னக் காரின் கதவுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார். முதல் பூச்சு பட்டு மாதிரி விழுந்தது. இரண்டாவது பூச்சு அடித்தார். அடித்த கையோடு அது கதவில் கோடு கோடாக வழியத் தொடங்கியது. மெழுகுவர்த்தி உருகுவது போல அவர் கண் முன்னாலேயே வழிந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார். மறுபடி வழிந்தது. தன் கையையே ஒரு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

டிங்கர்தான் கண்டுபிடித்தான். "மாமா, முதல் கோட் காயவே இல்ல. அதுக்குள்ள அடுத்தத அடிச்சிட்டீங்க."

"நான் எப்பவும் போலத்தானேடா அடிச்சேன்?"

"எப்பவும் ஒரு கோட் அடிச்சிட்டு என்ன பண்ணுவீங்க?"

சிம்னி வாயைப் பிளந்தார். எப்போதும் ஒரு பூச்சு அடித்ததும் கன்னைக் கீழே வைத்துவிட்டுப் பின் சுவருக்குப் போவார். ஒரு சிகரெட்டை நிதானமாக ஊதி முடித்துத் திரும்புவார். அடுத்த பூச்சுக்குக் கதவு தயாராக இருக்கும். இத்தனை வருஷத்தில் அவர் எந்தக் கடிகாரத்தையும் பார்த்ததில்லை. காற்று ஈரமாக இருந்தால் சிகரெட்டும் நமுத்துப்போய் மெதுவாக எரியும், பெயின்டும் மெதுவாகக் காயும். வெயில் அடித்தால் இரண்டும் வேகம் பிடிக்கும். அவர் பெட்டியைத் தின்னரில் முக்கியபோது, தன் கைக்கடிகாரத்தையும் சேர்த்தே முக்கியிருக்கிறார்.

"இதுக்குப் போயா?" என்று செல்போனில் அலாரம் வைத்தார். வெயில் நாளில் சரியாக வந்தது. மழை பிடித்ததும் வழிந்தது. அலாரத்துக்கு மழை தெரியுமா? சரி என்று பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவில் மனைவிக்குப் போன் போட்டார். பேச்சு சுவாரசியத்தில் நேரம் போனதே தெரியவில்லை. திரும்பி வந்தபோது கதவு மொடமொடவென்று காய்ந்து, அதன் மேல் தெருத் தூசி எல்லாம் குடித்தனம் வந்திருந்தது.

"மேடம் பாக்குறதுக்குள்ள ஏதாவது பண்ணணும்டா, மாப்ளே."

அப்போதுதான் சிம்னியின் மூளையில் அந்த யோசனை உதித்தது. வேறு எந்தத் தொழில் செய்கிறவனுக்கும் உதிக்கவே உதிக்காது.

"நீ ஊது. நான் பாக்கறேன்."

"என்னது?"

"எனக்குப் பதிலா நீ ஊது. நீ முடிச்சதும் நான் போய் அடுத்த கோட் அடிக்கறேன். நான் தொடல, கடிகாரமும் கெடைச்சாச்சு!"

டிங்கருக்குக் கசக்குமா? வேலை நேரத்தில் ஊதுவதற்கு மாமாவே உத்தரவு கொடுத்தால்? சுவரில் சாய்ந்து கம்பீரமாகப் பற்ற வைத்தான். சிம்னி எதிரே குந்தி உட்கார்ந்து, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்ப்பவர் போல அதன் நுனியையே பார்த்தார்.

"வேகமா இழுக்காதடா! பெயின்ட் வழிஞ்சிடும்."

"சரி, மாமா."

"அட, இவ்வளவு மெதுவாவா? காஞ்சு போயிடும்டா. நடுவுல ஒரு மூச்சு விடு. சாம்பலத் தட்டாத, நான் தட்ட மாட்டேன்."

"மாமா, நான் ஊதறேனா, நீங்க ஊதறீங்களா?"

"குடு இங்க, உனக்கு ஊதவே தெரியல!"

வாங்கிக் காட்டினார். எப்படி ஊத வேண்டும் என்று அழகாக, நிதானமாக, கடைசி வரை காட்டினார். அன்றைக்குக் கதவு பளிங்கு மாதிரி வந்தது. அதற்கடுத்த இரண்டு நாளும் பளிங்குதான். அதற்கு மறுநாள் மதியம், கடிகாரத்தைக் கையில் பிடித்துக் கண் மூடி இழுத்துக்கொண்டிருந்தபோது, எதிரே சாப்பாட்டுத் தூக்கோடு மனைவி நின்றாள். கையும் களவுமாக என்றால் அதுதான்.

"அக்கா, அது வந்து, மாமா மணி பாக்குறாரு" என்றான் டிங்கர்.

அவள் தம்பியின் காதைப் பிடித்துத் திருகினாள். கணவர் பக்கம் திரும்பினாள். தூக்கை மதில் மேல் வைத்தாள். "டிங்கரிங் முடிஞ்சிருச்சாமே. மேடம் சொன்னாங்க. நாளைக்குக் கதவு தர்றாங்களாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். அவள் போகிற நேரம் பார்த்து, அவருக்குக் குடலே வெளியே வந்துவிடும் போல ஒரு இருமல்.

மறுநாள் தீயணைப்பு வண்டியின் கதவைப் பெயின்ட் அறைக்குள் தூக்கி வந்து மாட்டினார்கள். ஆபீசர் சாயங்காலம் வருவதாகத் தகவல். சிம்னி முகமூடியை மாட்டிக்கொண்டார். முதல் பூச்சு அடித்தார். சிவப்பு! அறையே தீப்பிடித்தது போல இருந்தது. கன்னைக் கீழே வைத்ததும் கால் தானாகப் பின் கதவுப் பக்கம் திரும்பியது. அங்கே சுவர் இருக்கிறது. சுவரோரம் டிங்கர் இருக்கிறான். அவன் பையில் கடிகாரம் இருக்கிறது.

போனால் கதவு நன்றாக வரும், வண்டி கைக்கு வரும், அப்புறம் அந்த நீளப் பக்கத்தில் இருமல் வரும். போகாவிட்டால் கதவே வழியும். எப்படிப் பார்த்தாலும் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள் சிரிக்கிறான்.

சிம்னி போகவில்லை. போகாமல் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. முகமூடியைக் கழற்றாமல், கையைக் கட்டிக்கொண்டு, கதவுக்கு முன்னால் கட்டை மாதிரி நின்றார். நின்றவர் கண்ணுக்கு எதிரே கதவு இருந்ததால், அதைப் பார்த்தார்.

கதவு அசைந்தது. கதவு அசையவில்லை, அதன் மேல் இருந்த பளபளப்பு அசைந்தது. ஓரங்களில் ஈரம் மெல்ல அடங்கி, மினுமினுப்பு மங்கத் தொடங்கியது. வெயில் ஏற ஏறக் குளத்தில் பனி விலகுவது போல அந்த மங்கல் நாலா பக்கமும் இருந்து நடுவை நோக்கி ஊர்ந்தது. நடுவில் ஒரு தட்டு அளவு இன்னும் ஈரம். அப்புறம் உள்ளங்கை அளவு. அப்புறம் ஒரு பொட்டு. சிம்னி குனிந்து, கதவோரம் ஒட்டியிருந்த காகித டேப்பின் மேல் விழுந்திருந்த சிவப்பை விரல் நுனியால் தொட்டார். ஒட்டியது, ஆனால் விரலோடு வரவில்லை.

"டேய்!" என்று முகமூடிக்குள் இருந்தே கத்தினார். "டேய் மாப்ளே! ஓடி வா!"

டிங்கர் தீதான் பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடி வந்தான்.

"என்னாச்சு மாமா?"

"காயுதுடா!"

"என்னது?"

"பெயின்ட் காயுதுடா! இத்தனை வருஷமா அடிக்கறேன், காயறத ஒரு நாள்கூடப் பாத்ததில்லடா நான்! ஒவ்வொரு தடவையும் முதுகக் காட்டிட்டுச் செவுத்துக்குப் போயிருக்கேன்! கண்ணு முன்னாடியே சொல்லுது, இப்ப வா, இப்ப வான்னு!"

டிங்கர் வாளியைக் கீழே வைத்துவிட்டு மாமாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

அடுத்த பூச்சு வழியவில்லை. அதற்கடுத்ததும் வழியவில்லை. சாயங்காலம் வந்த ஆபீசர் கதவுக்கு முன் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கண்ணாடி என்று நினைத்தாரோ என்னவோ. "எப்ப மொத்தமும் முடியும்?" என்று முதலாளியம்மாவிடம் கேட்டார். அவள் சிம்னியைப் பார்த்தாள். சிம்னி இருமிக்கொண்டிருந்ததால் விரலால்தான் பதில் சொன்னார்.

ஆசை அதோடு தொலைந்ததா என்றால், அதுதான் இல்லை. அன்று ராத்திரியே சந்தோஷத்தில் ஒன்று ஊதினால் என்ன என்று தோன்றியது. மனைவியிடம் வாய்விட்டுச் சொன்னார். "வேணும் போல இருக்கும்மா." "இருக்கட்டும்" என்றாள் அவள், "வேணும்னு சொல்றவருக்கும் வாங்கிட்டு வர்றவருக்கும் நடுவுல நான் உக்காந்திருக்கேன்" என்று வாசற்படியிலேயே நாற்காலி போட்டுக்கொண்டாள். விடிந்தபோது ஆசையும் அவளும் அசந்து தூங்கியிருந்தார்கள்.

நீளப் பக்கத்துக்கு நாள் குறித்தார்கள். பட்டறை அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டது. மனைவி லீவு போட்டுவிட்டு வந்து முதலாளியம்மாவோடு பெயின்ட் அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். சிம்னி கன்னைத் தூக்கினார். ஏணிக்குக் கீழே, பின் சக்கரத்துக்கு மேலே ஆரம்பித்து, பக்கவாட்டில் அடி மேல் அடி வைத்து, ஒரே நடையாக நடந்தார். அவருக்குப் பின்னால் சிவப்பு விரிந்துகொண்டே வந்தது. பாதி தூரம். நெஞ்சுக்குள் ஒரு இறகு புரண்டது.

வருகிறது என்று தெரிந்தது. முன்பெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கையைத் தட்டிவிடும். இப்போது தூரத்தில் வரும்போதே சத்தம் கேட்கிறது. இன்னும் எட்டு அடி வைத்தால் முனை. ஆறு. இறகு தொண்டைக்கு ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. நாலு. ஜன்னலுக்கு வெளியே மனைவி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். முனை! விசையை விட்டார், கன்னைக் கீழே வைத்தார், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்து, முகமூடியைக் கழற்றி எறிந்து, இருமினார் பாருங்கள் ஒரு இருமல்! எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மாமா, விழுந்துச்சா?" என்று டிங்கர் பதறி ஓடி வந்தான்.

"வெளியதான்டா விழுந்துச்சு!" கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "உள்ள ஒரு பொட்டுகூட விழல!"

டிங்கர் சந்தோஷம் தாங்காமல் பையில் இருந்து பெட்டியை எடுத்து நீட்டினான். "இதுக்கு ஒண்ணு பத்த வெச்சே ஆகணும் மாமா!" நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. கை அந்தரத்தில் நின்றது. மனைவி ஜன்னலில் இருந்து திரும்பினாள். சிம்னி பெட்டியைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். நாக்கில் எச்சில் ஊறியது.

"வேணும்தான்டா. ஆனா இப்ப நேரமில்ல. காஞ்சிட்டிருக்கு, நான் போய்ப் பாக்கணும்."

ஒரு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் தயங்கிய டிங்கர், பெட்டியை மதில் மேல் வைத்துவிட்டு, இன்னொரு முகமூடியைத் தேடி மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கு அழுந்த நின்றார்கள்.

"எங்க மாமா? ஒண்ணும் தெரியலயே."

"அங்க பாரு, சக்கரத்துக்கு மேல. ஓரத்துல."

"எங்க... அட! ஆமா மாமா! வருது, வருது!"

"சத்தம் போடாதடா. நடுவுக்கு வரட்டும்."